கெல்வின் வீடு திரும்பினானா?

கேள்வி இது: அறிவியல் புனைவுப் படங்களில் நாயகன் விண்வெளிக்குப் போவது, அவன் தன் மனத்துக்குள் போவதன் குறியீடு என்று பல இடங்களில் படிக்கிறோம். தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்தை வைத்து இதை விளக்க முடியுமா? கடைசிக் காட்சியில் கெல்வின் உண்மையிலேயே வீடு திரும்புகிறானா? 2002ல் வந்த அமெரிக்க ‘சோலாரிஸ்’ படமும் இதையேதான் சொல்கிறதா?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். முடிவைப் பேசாமல் இதை எழுத முடியாது. அதனால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

குறியீடு என்றதும் நாம் உடனே ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். கடல் என்றால் ஆழ்மனம், மழை என்றால் பாவம் கழுவப்படுவது, விண்கலம் என்றால் தனிமை. இப்படிப் பார்த்தால் எந்தப் படத்துக்கும் எதையும் பொருத்திவிடலாம். ‘சோலாரிஸ்’ படத்தை நான் பார்க்கும் விதம் வேறு. ஒருவனுக்கு ஒரே சோதனை மறுபடி மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவன் என்ன செய்கிறான்? முதல் தடவை செய்ததற்கும் கடைசித் தடவை செய்ததற்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் அவன் போன தூரம். கிரகங்களுக்கு நடுவே உள்ள தூரம் இந்தப் படத்தில் ஒரு பொருட்டே இல்லை.

படத்தின் நேரக் கணக்கே இதைக் காட்டிக்கொடுக்கிறது. 1972ல் வந்த இந்தச் சோவியத் படம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். அதில் முதல் முக்கால் மணி நேரத்துக்கு நாயகன் பூமியை விட்டே கிளம்புவதில்லை. குளத்துத் தண்ணீரில் அசையும் பாசி, மழை, அப்பாவின் வீடு, ஒரு குதிரை, பழைய காகிதங்களை எரிக்கும் நெருப்பு. அதன் பிறகு ஒரு பாத்திரம் காரில் நகரத்துக்குத் திரும்பும் காட்சி, டோக்கியோவின் நெடுஞ்சாலைகளில் எடுத்தது, சுமார் ஐந்து நிமிடம் வசனமே இல்லாமல் போகிறது. ஆனால் கெல்வின் வேறொரு கிரகத்துக்குப் பறந்து போகும் பயணம்? அவன் கண்கள், சில நட்சத்திரங்கள், ஒரு குரல், அவ்வளவுதான். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வெளிப் பயணத்தைப் பற்றி இயக்குநருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோலாரிஸ் என்பது கடலால் மூடப்பட்ட கிரகம். அந்தக் கடலுக்கே ஏதோ ஒரு விதமான அறிவு இருக்கிறது. பல ஆண்டு ஆராய்ந்தும் மனிதர்களுக்கு அது பிடிபடவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் மிச்சம் இருப்பது மூன்று பேர்தான். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து, நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று சொல்ல உளவியலாளன் கிரிஸ் கெல்வின் அனுப்பப்படுகிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் மூவரில் ஒருவரான கிபாரியன் தற்கொலை செய்துகொண்டுவிட்டார். மற்ற இருவர் ஸ்னாவுட், சர்தோரியஸ். இருவரும் எதையோ ஒளிக்கிறார்கள். காரணம் சீக்கிரமே தெரிகிறது. கடலை நோக்கி எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சியதிலிருந்து ‘விருந்தாளிகள்’ வர ஆரம்பித்திருக்கிறார்கள். தூங்கும் மனிதனின் நினைவிலிருந்து ஆளை எடுத்து, உடம்பு கொடுத்து, கடல் அனுப்பிவிடுகிறது. கெல்வினுக்கு வருபவள் ஹாரி. பத்து வருடங்களுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி.

இனி, நாயகனின் பயணம் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சட்டகத்துக்கு வருவோம். ஜோசப் கேம்பல் 1949ல் எழுதிய ‘ஆயிரம் முகம் கொண்ட நாயகன்’ நூலில் உலகத்துப் புராணங்களையெல்லாம் ஒரு வட்டத்துக்குள் கொண்டுவந்தார்: வீட்டை விட்டுப் புறப்படுதல், சோதனைகளைத் தாண்டுதல், ஏதோ ஒரு வரத்தோடு திரும்பி வருதல். ஜார்ஜ் லூகாஸ் தன் ‘ஸ்டார் வார்ஸ்’ கதைக்குக் கேம்பலிடம் கடன்பட்டதை வெளிப்படையாகவே சொன்னவர். 1980ல் வந்த இரண்டாவது படத்தில் நாயகன் லூக் ஒரு குகைக்குள் போகும் காட்சி நினைவிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறான். நீ எதைக் கொண்டுபோகிறாயோ அதுதான் என்கிறார் அவன் குரு யோடா. ஆயுதம் தேவைப்படாது என்றும் சொல்கிறார். லூக் ஆயுதத்தோடுதான் போகிறான். எதிரியின் தலையை வெட்டுகிறான். உருண்ட முகமூடிக்குள்ளே தெரிவது அவன் முகமே.

அது நல்ல காட்சிதான். ஆனால் அங்கே அகப் பயணம் என்பது இரண்டு சண்டைகளுக்கு நடுவே வரும் ஒரு பாடம். லூக் தோற்கிறான், கற்கிறான், மேலே போகிறான். ‘சோலாரிஸ்’ படத்தில் குகைதான் முழுப் படமும். கெல்வினும் ஆயுதத்தோடுதான் வருகிறான். அவன் ஆயுதம் அவனுடைய தெளிவு. பூமியில் இருக்கும்போதே பேசுகிறான்: ஒன்று நிலையத்தை மூடிவிடலாம், இல்லாவிட்டால் கடலைக் கடுமையான கதிர்வீச்சால் தாக்கிப் பார்க்கலாம். பெர்ட்டன் என்ற விண்வெளி வீரர் அந்தக் கடலின் மேல் நான்கு மீட்டர் உயரக் குழந்தை ஒன்றைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தவர். அவர் பேச வரும்போது கெல்வின் அவரை அவமானப்படுத்தாத குறையாக அனுப்பிவிடுகிறான். பிறகு பெர்ட்டன் காரிலிருந்து கூப்பிட்டு மிச்சத்தைச் சொல்கிறார். கடலில் இறந்துபோன ஒரு சக வீரரின் வீட்டுக்குப் பின்னாளில் போனபோது, அங்கே இருந்த மகனுக்கு அந்தக் குழந்தையின் அதே முகம் இருந்ததாம். அதாவது கடல் என்ன செய்கிறது என்பதற்கான துப்பு கெல்வின் கிளம்புவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. அவனுக்கு அது உறைக்கவில்லை. அப்பா அவனைக் கண்டிக்கிறார்: உன்னைப் போன்றவர்களை விண்வெளிக்கு அனுப்புவதே ஆபத்து, அங்கே எல்லாம் எளிதில் உடையக்கூடியது. இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிப் படம் தானாகத் திறக்கும்.

இப்போது ஹாரியின் முதல் வருகை. கெல்வின் தூங்கி விழிக்கிறான், அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தன்னைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு புகைப்படத்தை எடுத்து யார் இது என்று கேட்கிறாள். பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் அது தானே என்று தெரிகிறது. அவளுடைய கவுனின் முதுகில் நாடாக்கள் இருக்கின்றன, ஆனால் அவிழ்க்க வழியில்லை. கெல்வின் கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த விவரம் இது. கெல்வினின் நினைவில் அந்த உடை பார்ப்பதற்கு எப்படி இருந்தது என்பது இருக்கிறது. அவள் அதை எப்படி மாட்டிக்கொள்வாள், எப்படிக் கழற்றுவாள் என்பது இல்லை. மனைவியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடல் அவனிடம் இருந்ததைக் கொண்டுதானே செய்ய முடியும். குற்றச்சாட்டு வசனமாக வராமல் ஒரு துணியின் தையலில் வருகிறது.

அவன் என்ன செய்கிறான்? அவளை ஏமாற்றி ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அவசரத்தில் நெருப்பு அவன் மேலேயே படுகிறது. உடைகள் கருகுகின்றன. ஒரு பிரச்சினை வந்தது, அதை அகற்றியாகிவிட்டது. கடல்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சச் சொன்ன அதே மனிதன்தான் இவன்.

அன்றிரவே அவள் மறுபடி வருகிறாள். தன் சால்வையைக் கழற்றி வைக்கிறாள். முதலில் வந்தவள் விட்டுப்போன அதே மாதிரிச் சால்வை அங்கே ஏற்கனவே கிடக்கிறது. இந்தத் தடவை அவன் அவளை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தியதும், அவள் உலோகக் கதவையே கிழித்துக்கொண்டு ரத்தம் சொட்ட வெளியே வந்து விழுகிறாள். அவன் கண்ணில் படாமல் அவளால் இருக்க முடியாது. காயங்கள் கண்முன்னே ஆறுகின்றன. பேய்க்கதை இயக்குநர் யாராவது எடுத்திருந்தால் இது பயமுறுத்தும் காட்சி. இங்கே அது கெல்வினின் மனம் மாறும் இடம். பிறகு மற்ற இரு விஞ்ஞானிகளின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி, “இவள் என் மனைவி” என்கிறான். சர்தோரியஸுக்கு அவள் ஓர் ஆய்வு மாதிரி; அறுத்துப் பார்க்க வேண்டிய பொருள். ஸ்னாவுட் நல்லவர், ஆனால் அவரும் பின்னால், அறிவியல் பிரச்சினையைப் படுக்கையறைக் கதையாக மாற்றாதே என்று கெல்வினை எச்சரிக்கிறார். இரண்டு பேரும் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. அவள் நியூட்ரினோ என்ற நுண்துகள்களால் ஆனவள், மனுஷியே கிடையாது. இது கெல்வினுக்கும் தெரியும். தெரிந்துதான் மனைவி என்கிறான்.

நூலகக் காட்சியில் இது உச்சத்துக்குப் போகிறது. ஸ்னாவுட்டின் பிறந்தநாள். சுவரில் ப்ரூகலின் ஓவியங்கள், மெழுகுவர்த்திகள். நமக்கு வேறு உலகங்கள் தேவையில்லை, நமக்குத் தேவை ஒரு கண்ணாடி என்கிறார் ஸ்னாவுட். மனிதனுக்கு மனிதன்தான் வேண்டும். படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த வரியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதே காட்சியில் அதற்குப் பிறகு ஹாரி பேசுவது இன்னும் முக்கியம். நீ வெறும் நகல் என்று சர்தோரியஸ் சொல்கிறார். இருக்கலாம், ஆனால் நான் மனுஷியாகிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். கெல்வின் அவள் முன் மண்டியிடுகிறான். இந்த மண்டியிடலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சிக்கு இது வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். அகப் பயணம் கெல்வினுக்கு மட்டும் நடப்பதாக எழுதுவது ஹாரிக்குச் செய்யும் அநியாயம். முதலில் அவள் அவனுடைய நினைவு. பிறகு அவளுக்கென்று சந்தேகம் வருகிறது, தூக்கம் வருகிறது, துக்கம் வருகிறது. ப்ரூகலின் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தை அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கேமரா அந்த ஓவியத்துக்குள் மெல்ல நகர்கிறது. நாய் குரைப்பு, பறவைச் சத்தம் கேட்கிறது. பூமியில் கால் வைக்காத ஒருத்தி பூமியை நினைவுகூரக் கற்றுக்கொள்கிறாள். பிறகு திரவ ஆக்சிஜனைக் குடித்துச் சாகப் பார்க்கிறாள், உறைந்த உடம்போடு துடித்துத் துடித்து உயிர்த்தெழுகிறாள். கடைசியில் தன்னை அழித்துவிடும்படி மற்ற இருவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பத்து வருடத்துக்கு முன் செத்த ஹாரி கைவிடப்பட்டதால் செத்தாள். இவள் கெல்வினை விடுவிப்பதற்காகப் போகிறாள். அதே முகம், அதே முடிவு, நேரெதிரான காரணம். நடாலியா பொண்டார்ச்சுக் இதை நடித்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு யாரும் இவளைக் கெல்வினின் மனசாட்சியின் குறியீடு என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது.

அப்புறம் அந்த வெட்கம். காய்ச்சலோடு தாழ்வாரத்தில் நடந்துபோகும்போது கெல்வின் உளறுவதுபோல் ஒன்று சொல்கிறான்: மனிதகுலத்தைக் காப்பாற்றப்போவது வெட்க உணர்வுதான். படத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். வழக்கமான நாயகன் குகைக்குள்ளிருந்து துணிச்சலையோ சக்தியையோ எடுத்துக்கொண்டு வருவான். கெல்வின் எடுத்துக்கொண்டு வருவது வெட்கம். பின்னால் ஹாரி தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பயன்படுத்திய ஆய்வக விஷத்தை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் விட்டுவிட்டு, சண்டைக்குப் பிறகு கோபத்தில் கிளம்பிப்போன மனிதனுக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காய்ச்சல் கனவில்தான் இளவயது அம்மா வந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி அவன் கையைக் கழுவிவிடுகிறாள்.

கடல் இதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது இன்னொரு நுட்பம். முன்னால் மனிதர்கள் கடலுக்கு அனுப்பியது எக்ஸ் கதிர். அதற்குப் பதிலாக வந்தது அவர்கள் தூக்கத்தில் ஒளித்துவைத்திருந்தவை. பிறகு கெல்வினின் மூளை அலைகளின் பதிவை, அதாவது விழித்திருக்கும் அவன் மனத்தை, கடலுக்கு அனுப்புகிறார்கள். அதன் பிறகு விருந்தாளிகள் வருவது நின்றுவிடுகிறது. கடலில் தீவுகள் தோன்ற ஆரம்பிக்கின்றன. தாக்கியபோது பயங்களைத் திருப்பி அனுப்பிய கடல், தன்னைத் திறந்து காட்டியபோது நிற்பதற்கு நிலம் கொடுக்கிறது.

சங்கக் கவிதை படித்த நமக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. அகப்பாட்டில் நிலம் பின்னணி மட்டும் இல்லை. நெய்தல் என்றால் கடலும் மணலும் பொழுது சாயும் நேரமும் மட்டுமா, இரங்கலும் சேர்ந்ததுதான். தலைவியின் பெயர்கூடத் தேவைப்படாமல் நிலத்தைச் சொல்லியே மனத்தைச் சொல்லிவிடுவார்கள். தார்க்கோவ்ஸ்கிக்குச் சங்கக் கவிதையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் முழுக்கக் கடலாகவே இருக்கும் ஒரு கிரகத்தில் முழுக்க இரங்கலாகவே நடக்கும் ஒரு கதையை நம்மால் அகராதி இல்லாமல் படிக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கடைசிக் காட்சி. கெல்வின் அப்பாவின் வீட்டுக்கு வருகிறான். குளம், மரங்கள், நாய், எல்லாம் இருக்கின்றன. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். உள்ளே மழை பெய்கிறது. அப்பாவின் முதுகில் தண்ணீர் கொட்டி ஆவி பறக்கிறது, அவர் அதை உணரவே இல்லை. படத்தின் தொடக்கத்தில் இதே வீட்டின் வெளியே மழை பெய்தது. திண்ணை மேசைமேல் தேநீர்க் கோப்பை நனைய, கெல்வின் அந்த மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். இப்போது மழை இடம் மாறி வீட்டுக்குள் விழுகிறது. ஹாரியின் கவுன் நாடாக்களில் நடந்த அதே பிழை இது. கடலுக்கு மழை தெரியும், வீடு தெரியும், எது எதற்கு வெளியே இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அப்பா வெளியே வருகிறார். கெல்வின் மண்டியிட்டு அவரைக் கட்டிக்கொள்கிறான். ரெம்ப்ராண்ட் வரைந்த, பைபிள் கதையின் கெட்ட குமாரன் திரும்பிவரும் ஓவியத்தின் அதே நிலை. கேமரா மேலே மேலே போகிறது. வீடு, குளம், சாலை, எல்லாமே சோலாரிஸ் கடலின் நடுவே ஒரு சின்னத் தீவு.

ஆக, அவன் பூமிக்குத் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியும் உண்மை அது. இதை வைத்துப் பலர் இருட்டான அர்த்தம் சொல்கிறார்கள்: கெல்வின் தன் நினைவின் சிறைக்குள் மாட்டிக்கொண்டான், கடல் கொடுத்த பொம்மை வீட்டில் வாழப்போகிறான் என்று. அந்த வாசிப்பை என்னால் முழுக்கத் தள்ள முடியாது. அந்தத் தீவின் சிறுமை நெஞ்சை உறுத்துகிறது. ஆனாலும் எனக்குச் சரியாகப் படுவது வேறு. நூலகத்தில் அவன் மண்டியிட்டது ஒரு நகலின் முன்னால்தான். அந்த அன்பு பொய்யென்று நமக்குத் தோன்றவில்லையே. அப்படியானால் நகலான அப்பாவின் முன்னால் மண்டியிடுவதும் பொய்யாகாது. பூமியில் நிஜமான அப்பா உயிரோடு நின்றபோது அவரிடம் குனிய அவனுக்கு வரவில்லை. அந்தப் பயணம் முடிவதற்குள் அவர் இறந்துவிடுவார் என்று இருவருக்குமே தெரிந்திருந்தும் வரவில்லை. வீடு திரும்பும் இடம் கிடைக்கவில்லை, திரும்பும் மனம் வந்துவிட்டது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில் அதுதான்.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் ஒப்புக்கொள்ளாதவர் மூலக்கதை ஆசிரியர் ஸ்தனிஸ்லாவ் லெம்தான். 1961ல் வந்த அவர் நாவல் பூமிக்கே வருவதில்லை. ஏறக்குறைய எல்லாமே நிலையத்தில்தான் நடக்கும். அப்பா வீடும் கிடையாது. மனிதனால் புரிந்துகொள்ளவே முடியாத ஒன்றின் முன்னால் மனித அறிவு திணறுவதுதான் அவருக்கு முக்கியம். நாவலின் முடிவில் கெல்வின் கடலோரத்தில் கையை நீட்டுகிறான். அலை அவன் கையைத் தொடாமல் சூழ்ந்துகொள்கிறது. தார்க்கோவ்ஸ்கி ‘சோலாரிஸ்’ எடுக்கவில்லை, தஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை எடுத்துவிட்டார் என்று லெம் குறைபட்டுக்கொண்டார். ஒரு வாசகனாக லெம்மின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்; அந்நியமான கடலை நம் குடும்பக் கண்ணீரைத் துடைக்கும் கருவியாக ஆக்கிவிட்டால் அதன் அந்நியம் போய்விடுகிறது. ஆனால் அவர் குறையாகச் சொன்ன அதே பெயர்தான் இந்தப் படத்துக்கு மிகப் பொருத்தமான விளக்கமும்.

தார்க்கோவ்ஸ்கி 1979ல் எடுத்த ‘ஸ்டாக்கர்’ படத்தில் இதே எண்ணம் இன்னும் கடுமையாக வருகிறது. மனத்தின் ஆழத்தில் இருக்கும் ஆசையை நிறைவேற்றும் ஓர் அறை. இறந்த சகோதரனைத் திரும்பக் கேட்கப் போன ஒருவன் வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் பெரும்பணம், அவன் தூக்குப்போட்டுக்கொள்கிறான். இந்தக் கதையைக் கேட்டவர்கள் வாசல்வரை போயும் உள்ளே கால் வைக்கத் துணிவதில்லை.

கடைசிக் கேள்வி, ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 2002 படம். ஜார்ஜ் க்ளூனி, நடாஷா மெக்கெல்ஹோன் நடித்தது. ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். மோசமான படம் இல்லை. கணவன் மனைவி உறவை 1972 படத்தைவிட நெருக்கமாகவே காட்டுகிறது. ஆனால் அப்பா இல்லை, குளம் இல்லை, மண்டியிடலும் இல்லை. முடிவில் கெல்வின் தன் சமையலறையில் விரலை வெட்டிக்கொள்கிறான். காயம் உடனே மறைகிறது. அதை வைத்துத்தான் அவன் பூமியில் இல்லை என்று நமக்குத் தெரிகிறது. மனைவி வந்து, நாம் செய்ததெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்கிறாள். அங்கே மன்னிப்பு அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. தார்க்கோவ்ஸ்கியின் கெல்வினிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அவன் கேட்கும் நிலையிலேயே படம் அவனை விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான்.

இரண்டையும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 1972 படத்தை முதலில் பாருங்கள். பூமியில் நடக்கும் அந்த முக்கால் மணி நேரம் மெதுவாகத்தான் போகும், தாண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தாண்டிவிடாதீர்கள். நிலையத்துக்குப் போன பிறகு ஸ்னாவுட் ஒரு யோசனை சொல்வார்: காற்று வரும் துவாரத்தில் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டினால், இரவில் இலைகள் சலசலப்பது போலக் கேட்கும் என்று. அது கிபாரியனின் கண்டுபிடிப்பு. கிண்டல் செய்த சர்தோரியஸும் தன் அறையில் ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார். பூமியில் அந்த மரங்களையும் மழையையும் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான், சர்தோரியஸ் போன்ற ஒரு மனிதர் அந்தக் காகிதக் கீற்றை ஏன் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார் என்பது பிடிபடும்.